51 வருடப் பழி... பழைய படகின் ஸ்டீயரிங் கேபிள் சொன்ன உண்மை!

படகை மூடியிருந்த தார்ப்பாயை விலக்கியதும் முதலில் வெளியே ஓடியது ஓர் எலி. அதற்குப் பின்னால் வந்தது, அந்த வீட்டில் 51 வருடங்களாக யாரும் கேட்காத ஒரு கேள்வி.

"தாத்தா, இந்த ஒயர் ஏன் அறுந்து தொங்குது?"

கேட்டது 12 வயதுப் பேத்தி. பதில் சொல்ல வேண்டிய தாத்தாவுக்கு வயது 68. இடம், அமெரிக்காவின் மின்னசோட்டா மாகாணத்தில் ஓர் ஏரிக்கரை வீடு. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பெரிய மரக் கொட்டகை. 2023-ம் வருடம், மார்ச் மாதம். வெளியே ஏரி இன்னும் பனிக்கட்டியாக உறைந்து கிடந்தது.

தாத்தாவிடம் பதில் தயாராக இருந்தது. அதை அவர் எத்தனையோ கல்யாண வீடுகளில், எத்தனையோ கிறிஸ்துமஸ் விருந்துகளில் சொல்லியிருக்கிறார்.

"என் தம்பி ஸ்டீயரிங்கை ஒடிச்சுத் திருப்பினான். அறுந்துடுச்சு. என் கால் விரலும் போச்சு."

சொல்லிவிட்டு வழக்கம்போல சிரித்தார். பேத்தி சிரிக்கவில்லை. தொங்கிக்கொண்டிருந்த கேபிளின் முனையைக் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஏரியோடு பிறந்தவர்கள்

மின்னசோட்டாவில் வண்டிகளின் நம்பர் பிளேட்டிலேயே '10,000 ஏரிகள்' என்று எழுதியிருக்கும். அது தன்னடக்கம். 10 ஏக்கருக்கு மேற்பட்ட ஏரிகளை மட்டும் கணக்கெடுத்தால்கூட 11,842 வருகிறது. மிசிசிப்பி நதி பிறப்பதும் இங்கே, இட்டாஸ்கா என்ற ஏரியில்தான். தண்ணீரில் சறுக்கி ஓடும் 'வாட்டர் ஸ்கீயிங்' விளையாட்டை ரால்ஃப் சாமுவேல்சன் என்ற 18 வயது இளைஞர் 1922-ல் முதன்முதலாகச் செய்து காட்டியதும் இந்த மாகாணத்தின் பெப்பின் ஏரியில்தான்.

நம் ஊரில் வீட்டுக்கு ஒரு டூ வீலர் மாதிரி, அங்கே வீட்டுக்கு ஒரு படகு. அதற்கு வழி செய்தது அவுட்போர்டு இன்ஜின். படகுக்குள்ளே இல்லாமல், பின்பலகையில் வெளியே மாட்டித் தொங்கவிடும் இன்ஜின் அது. பக்கத்து மாகாணமான விஸ்கான்சினில், நார்வேயிலிருந்து சிறுவனாக வந்து குடியேறிய ஓலே எவின்ரூட் என்பவர் 1909-ல் அதை வியாபாரமாக்கினார். காதலி கேட்ட ஐஸ்க்ரீமை வாங்கிக்கொண்டு ஏரியில் துடுப்புப் போட்டு வருவதற்குள் அது உருகிவிட்டதாம். அந்த வெறுப்பில் பிறந்த யோசனைதான் இன்ஜின் என்று ஒரு கதை சொல்வார்கள். அவர் பெயரில் இன்ஜின் தயாரிப்பது 2020-ல் நிறுத்தப்பட்டது. ஆனால், ஐம்பது அறுபது வருடங்களுக்கு முன் தயாரான இன்ஜின்கள் பலரது கொட்டகைகளில் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

இந்தக் குடும்பத்தின் படகும் அப்படி ஒன்றுதான். 1957-ல் வாங்கியது. 15 அடி நீளம். அந்தக் காலத்துக் கார்களைப் போல பின்பக்கம் இரண்டு பக்கமும் இறக்கை வைத்த அழகு. முன்னால் கார் மாதிரியே ஸ்டீயரிங் வீல், பின்னால் 35 குதிரைத்திறன் இன்ஜின். வாங்கியவர் தாத்தாவின் அப்பா. அவருக்கு இரண்டு பையன்கள். அவர்களை அண்ணன், தம்பி என்றே வைத்துக்கொள்வோம். இந்தக் கதையில் தாத்தாதான் அண்ணன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

1972, ஜூலை மாதம். அண்ணனுக்கு வயது 17, தம்பிக்கு 14. அன்று தம்பிதான் ஓட்டினான். அண்ணன் படகின் முன்விளிம்பில், காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான். கரையில் அப்பா நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

துறைக்குக் கொஞ்சம் முன்னால் தம்பி திருப்பினான். அடுத்த நொடி படகு கிறுக்குப் பிடித்த மாதிரி இடது பக்கம் சுழன்றது. அண்ணன் வலது பக்கம் தண்ணீரில் விழுந்தான். படகு நிற்கவில்லை. வட்டமடித்துக்கொண்டு அவன் விழுந்த இடத்துக்கே திரும்பி வந்தது. தம்பி இன்ஜினை அணைப்பதற்குள், தண்ணீருக்குள் சுழன்ற விசிறி அண்ணனின் இடது காலைத் தொட்டுவிட்டது. இரண்டு விரல்கள் போயின.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் விசாரணை நடந்தது. தம்பி ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான். "நான் வலது பக்கம்தான் திருப்பினேன். படகுதான் இடது பக்கம் போச்சு."

யார் நம்புவார்கள்? வலது பக்கம் திருப்பினால் படகு எப்படி இடது பக்கம் போகும்? படகு இடது பக்கம் சுழன்றதைக் கரையிலிருந்து அப்பாவே பார்த்திருக்கிறார். பயந்துபோன பையன் பொய் சொல்கிறான் என்று எல்லோரும் முடிவு செய்தார்கள். காலில் கட்டோடு படுத்திருந்த அண்ணன், "அவன் வெடுக்குனு ஒடிச்சான்" என்றான். அடிபட்டவன் பேச்சுக்கு மறுபேச்சு ஏது?

அப்பா படகைக் கொட்டகையில் ஏற்றித் தார்ப்பாயால் மூடினார். அவர் இருக்கும்வரை யாரும் அதைத் தொடவில்லை.

அண்ணன் வளர்ந்து, பள்ளி பஸ்களைப் பழுதுபார்க்கும் மெக்கானிக் ஆனார். தம்பி இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கும் டுலூத் நகரத்துக்குப் போய்விட்டார். சண்டை எல்லாம் இல்லை. கிறிஸ்துமஸுக்கு வருவார். பிறந்தநாளுக்குப் போன் செய்வார். ஆனால், மின்னசோட்டாவில் பிறந்த அந்த மனிதர் அதற்குப் பிறகு படகிலேயே ஏறவில்லை. கார் ஓட்டும்போதுகூட இரண்டு கைகளாலும் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துக்கொள்வார். வளைவுகளில், பின்னால் வருகிறவர்கள் ஹார்ன் அடிக்கும் அளவுக்கு மெதுவாகப் போவார்.

விருந்துகளில் யாராவது அண்ணனின் நடையைப் பார்த்து, காலில் என்ன என்று கேட்பார்கள். "என் தம்பி போட் ஓட்டின அழகு" என்று அண்ணன் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். தம்பி தன் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்.

கிணற்றுக் கப்பி, சைக்கிள் ஒயர்

படகை மறுபடியும் தண்ணீரில் இறக்க வேண்டும் என்பது பேத்தியின் ஆசை. மே 13 சனிக்கிழமை, மீன்பிடி சீசன் தொடங்கும் நாள். 'வால்ஐ' என்ற மாகாண மீனைப் பிடிக்க ஊரே ஏரிக்குப் போகும். அதற்குள் தயாராகிவிட வேண்டும். இன்ஜின் ஒரு வாரத்தில் உயிர் பெற்றது. இத்தனை வருடம் பஸ் இன்ஜின்களோடு மல்லுக்கட்டியவருக்கு அது பெரிய வேலை இல்லை. பெயின்ட், சீட்டு, விளக்கு எல்லாம் முடிந்தன. ஸ்டீயரிங் பக்கம் மட்டும் அவர் போகவே இல்லை.

"ஸ்டீயரிங் இல்லாம எப்படித் தாத்தா ஓட்டுறது?" என்று பேத்தி கேட்ட பிறகுதான் ஸ்பானரோடு உள்ளே இறங்கினார்.

இந்தக் காலத்துப் படகுகளில் ஸ்டீயரிங்குக்கு எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் குழாய்களோ, உறைக்குள் ஓடும் ஒற்றைக் கேபிளோ இருக்கும். 1950-களின் படகுகளில் பெரும்பாலும் இருந்தது அதைவிட எளிமையான ஏற்பாடு. நம் ஊர்க் கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்களுக்கு ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும்.

ஸ்டீயரிங் வீலின் பின்னால் ஓர் உருளை. அதில் இரும்புக் கேபிள் சில சுற்றுகள் சுற்றியிருக்கும். கேபிளின் ஒரு முனை படகின் இடது ஓரமாகவும், இன்னொரு முனை வலது ஓரமாகவும் பின்னால் ஓடும். திரும்ப வேண்டிய இடங்களில் எல்லாம் கப்பிகள். பின்பலகையின் இரண்டு மூலைகளிலும் கடைசிக் கப்பிகள். அங்கிருந்து இரண்டு முனைகளும் உள்பக்கம் திரும்பி, ஆளுக்கொரு ஸ்பிரிங் வழியாக, இன்ஜினின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கையில் மாட்டியிருக்கும். இந்தப் படகுக்குத் தனியாகச் சுக்கான் கிடையாது. இன்ஜினே திரும்பும். அது எந்தப் பக்கம் தண்ணீரைத் தள்ளுகிறதோ, அதை வைத்துப் படகு திரும்பும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. படகு வலது பக்கம் போக வேண்டும் என்றால், இன்ஜினின் முன்கை இடது பக்கம் போக வேண்டும். அப்போதுதான் பின்னால் இருக்கும் விசிறி வலது பக்கம் போகும். அதாவது, வலது பக்கம் திருப்பும்போது இழுபடுவது இடது பக்கக் கேபிள்.

ஸ்பிரிங் எதற்கு? கேபிளில் தொய்வு விழாமல் எப்போதும் விறைப்பாக வைத்திருக்க. தொய்ந்தால் கேபிள் கப்பியை விட்டு நழுவிவிடும். அதே நேரம் முழுவதும் திருப்பும்போதும், இன்ஜினைத் தூக்கி நிறுத்தும்போதும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கவும் வேண்டும். இரண்டு பக்கமும் இரண்டு ஸ்பிரிங்குகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு, இன்ஜினை நடுவில் நிறுத்தி வைத்திருக்கின்றன.

அன்று அறுந்தது இடது பக்கக் கேபிள். பின்பலகையின் இடது மூலையில், கடைசிக் கப்பி இருந்த இடத்தில். பெட்ரோல் டேங்க்குக்குப் பின்னால்.

பிளாஸ்டிக்குக்கு உள்ளே

கேபிள் வெள்ளை பிளாஸ்டிக் உறை போட்டது. அரை நூற்றாண்டு ஆகியும் உறை பல இடங்களில் பளபளவென்றே இருந்தது. அண்ணன் பிளேடால் உறையை நீளவாக்கில் கீறினார். உள்ளேயிருந்து செம்பழுப்புத் தூள் அவர் மடியில் கொட்டியது.

"தாத்தா, இதுல எத்தனை கம்பி?"

"ஏழு புரி. ஒவ்வொரு புரியிலயும் ஏழு கம்பி. நாப்பத்தொன்பது."

பேத்தி பூதக்கண்ணாடியை எடுத்துவந்து, அறுந்த முனையை ஒவ்வொரு கம்பியாகப் பிரித்துப் பார்த்தாள். பெரும்பாலான கம்பிகள் கறையான் அரித்த குச்சி மாதிரி மெலிந்து, ஊசி முனையாக முடிந்திருந்தன. தொட்டால் பொடிந்தன. தடிமன் குறையாமல், இழுபட்டு அறுந்த கம்பிகள் எண்ணி ஒன்பதுதான் இருந்தன.

மெக்கானிக்குக்கு அதைப் படிக்கத் தெரியும். வெடுக்கென்று இழுத்ததால் அறுந்த கேபிள் என்றால் 49 கம்பிகளும் ஒன்றுபோல அறுந்திருக்கும். இது அப்படி இல்லை. கப்பியில் வளையும் இடத்தில் பிளாஸ்டிக் உறை வெடித்திருக்கிறது. வெடிப்பு வழியாக உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழியில்லை. வெயில் படாது, காற்றும் படாது. ஒவ்வொரு கோடையிலும் சில கம்பிகள் வளைந்து வளைந்து அறுந்துபோக, மிச்சம் இருந்ததைத் துரு தின்றிருக்கிறது. சைக்கிள் பிரேக் ஒயர் எப்போதும் கைப்பிடியில் வளையும் இடத்தில் அறுவது இதனால்தான். நேராக ஓடும் இடத்தில் ஒயர் புதுசு போலவே இருக்கும்.

"அப்படின்னா இந்தப் பக்கமும் போயிருக்கணுமே?" என்றாள் பேத்தி.

வலது மூலைக் கப்பியில் இருந்த கேபிள் அறுந்திருக்கவில்லை. அண்ணன் அதன் உறையையும் கீறினார். அங்கேயும் அதே துரு. பாதிக்கு மேல் கம்பிகள் ஏற்கெனவே போயிருந்தன.

அவர் பிளேடைக் கீழே வைத்துவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கேபிளை யார் பிடித்திருந்தாலும் அறுந்திருக்கும். அன்று இல்லையென்றால் அடுத்த வாரம்.

அவரை அதற்குமேல் வேலை செய்ய விடாதது இன்னொரு ஞாபகம். ஒவ்வொரு வருடமும் படகைத் தண்ணீரில் இறக்குவதற்கு முன் அப்பா வேலையைப் பிரித்துக் கொடுப்பார். தம்பிக்குப் படகைக் கழுவும் வேலை. அண்ணனுக்குக் கப்பிகளுக்குக் கிரீஸ் வைத்து, கேபிளை முனை முதல் முனை வரை பார்க்கும் வேலை. மூலைக் கப்பியைப் பார்க்க வேண்டும் என்றால் கனமான பெட்ரோல் டேங்க்கை நகர்த்திவிட்டுக் குப்புறப் படுக்க வேண்டும். 1972-ல் அவர் டேங்க்கை நகர்த்தவில்லை. வெளியே தெரிந்த கேபிள் வெள்ளையாகப் பளபளத்தது. "பார்த்தாச்சு" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டார்.

அன்று இரவு மனைவியிடம் இதைச் சொன்னார். அவர் நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்.

"உங்க தம்பிகிட்ட எப்ப சொல்லப் போறீங்க?"

"படகு வேலை முடியட்டும்."

இரண்டு பேர் தேவைப்படும் வேலை

ஏப்ரல் முழுக்க கேபிள் வேலை நடந்தது. பழையதை ஒட்டுப்போடும் பேச்சுக்கே இடமில்லை. ஸ்டீயரிங் கேபிளை ஒட்டுப்போடக் கூடாது. முனை முதல் முனை வரை ஒரே நீளமாகப் புதிது போட வேண்டும்.

புதுக் கேபிளும் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் தடிமன்தான். ஆனால், துருப்பிடிக்காத எஃகு. ஏழு புரி, புரிக்கு 19 கம்பிகள் என்று மொத்தம் 133 மெல்லிய கம்பிகள். கம்பிகள் மெலிதாக இருப்பதால் கப்பியில் எளிதாக வளையும். முக்கியமாக, உறை இல்லாத வெறும் கேபிள். "என்ன நடக்குதுன்னு கண்ணுக்குத் தெரியணும்" என்றார் அண்ணன்.

பழைய கப்பிகளில் பள்ளம் தேய்ந்து ஓரம் கத்தியாகியிருந்தது. அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கொஞ்சம் பெரிய கப்பிகள் வாங்கினார். கப்பி சிறியதாக இருந்தால் கேபிள் அதிகம் மடங்கும், சீக்கிரம் சாகும். மூலைக் கப்பிகளை மர ஸ்க்ரூவில் நிறுத்தாமல், பலகையைத் துளைத்துப் பின்பக்கம் பெரிய வாஷர் வைத்து போல்ட் போட்டு முறுக்கினார். கேபிள் முனையை மடித்துக் கட்டும் கிளாம்ப்பிலும் ஒரு முறை இருக்கிறது. சேணம் மாதிரி இருக்கும் பட்டைப் பக்கம், பளுவைத் தாங்கும் நீளக் கேபிளின் மேல் உட்கார வேண்டும். 'யு' வடிவக் கம்பி, மடித்துவிட்ட குட்டை முனையை அழுத்த வேண்டும். மாற்றிப் போட்டால் கிளாம்ப்பே நல்ல கேபிளை நசுக்கிவிடும். ஒரு முறை இழுத்துப் பார்த்த பிறகு நட்டுகளை மறுபடியும் முறுக்க வேண்டும்.

உருளையில் கேபிளைச் சுற்றும்போது ஒருவர் முன்னாலும் ஒருவர் பின்னாலும் இருந்தால்தான் நடக்கும். பேத்தி ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொள்ள, தாத்தா பின்னால் இழுத்துக் கட்டினார். முடிந்ததும் "வலது பக்கம் திருப்பு" என்றார். அவள் திருப்பினாள். விசிறி இடது பக்கம் போனது.

"தாத்தா, உல்டாவா இருக்கு!"

உருளையின் மேல்பக்கத்திலிருந்து இடது ஓரத்துக்குப் போக வேண்டிய முனையை வலது ஓரத்துக்குக் கொண்டுபோயிருந்தார். பழைய படகைச் சரிசெய்பவர்கள் செய்யும் தவறுதான் அது. தண்ணீரில் இறக்குவதற்கு முன் டிரெய்லரிலேயே திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். எல்லாவற்றையும் கழற்றி மறுபடியும் சுற்றினார்கள். இந்த முறை வலது பக்கம் திருப்பினால் விசிறியும் வலது பக்கம் போனது.

படக்!

ஸ்பிரிங்குகளின் விறைப்பைச் சரிபார்க்க வேண்டியதுதான் பாக்கி. ஸ்டீயரிங் எந்தப் பக்கம் முழுவதும் திரும்பினாலும் ஒரு ஸ்பிரிங்கும் தொளதொளவென்று ஆகக் கூடாது. ஒன்றும் கடைசிவரை நீண்டு கம்பியாகவும் கூடாது. பேத்தி வலது பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்தாள். தாத்தா இடது பக்கக் கொக்கியைச் சரிசெய்யக் கழற்றினார்.

படக்!

இன்ஜினின் முன்கை வலது பக்கம் பாய்ந்தது. விசிறி இடது பக்கம் திரும்பியது.

ஸ்டீயரிங் வலது பக்கமே இருந்தது. பேத்தி கையை எடுக்கவில்லை. ஆனால், படகு தண்ணீரில் இருந்திருந்தால் அது இடது பக்கம் சுழன்றிருக்கும். இடது பக்கம் இழுக்க ஆள் இல்லாமல் போனதும், வலது பக்க ஸ்பிரிங் இன்ஜினைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. கொட்டகையில் வெறும் ஸ்பிரிங்குக்கே இந்தப் பாய்ச்சல். ஏரியில், 35 குதிரைத்திறனில் சுழலும் விசிறியும் சேர்ந்து தள்ளியிருந்தால்?

*நான் வலது பக்கம்தான் திருப்பினேன். படகுதான் இடது பக்கம் போச்சு.*

அண்ணன் கொக்கியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். 14 வயதுப் பையன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. துருவைப் பார்த்தபோது, தம்பி மேல் தவறில்லை என்பது தெரிந்தது. ஆனால், 'பயத்தில் பொய் சொன்னான்' என்பது மட்டும் மனதின் ஓரத்தில் மிச்சம் இருந்தது. இப்போது அதுவும் போய்விட்டது.

"என்ன தாத்தா?"

"ஒண்ணும் இல்லம்மா. மறுபடியும் மாட்டணும். அதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணிட்டு வரேன்."

போனில் பேசியது

நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார். கேபிள் உள்ளே எப்படி இருந்தது, வலது பக்கமும் எப்படி இருந்தது, கொக்கியைக் கழற்றியதும் இன்ஜின் எந்தப் பக்கம் பாய்ந்தது என்று எல்லாவற்றையும் சொன்னார். கடைசியாக, சொல்லக் கஷ்டமாக இருந்ததையும் சொன்னார்.

"அந்த வருஷம் நான் டேங்க்கை நகர்த்திப் பார்க்கலை. பார்த்தேன்னு அப்பாகிட்ட சொன்னது பொய். நீ சொன்னதுதான் நிஜம். இவ்வளவு வருஷமா எல்லார் முன்னாடியும் உன்னைச் சொல்லிச் சிரிச்சிருக்கேன். மன்னிச்சிடு."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைப் பார்த்தார். கட்டாகவில்லை.

பிறகு தம்பி கேட்டார். "புதுக் கேபிள் என்ன சைஸ்?"

சொன்னார்.

"உறை போட்டதா?"

"இல்ல. வெறும் கேபிள்."

"நல்லது" என்றார் தம்பி. கொஞ்ச நேரம் கழித்து, குரல் மாறியிருந்தது. "அப்பாகிட்ட யாராவது இதைச் சொல்லியிருக்கலாம்."

அதற்கு அண்ணனிடம் பதில் இல்லை. அப்பா இல்லாமல் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. சில மன்னிப்புகள் போய்ச் சேர வேண்டிய எல்லோருக்கும் போய்ச் சேர்வதில்லை.

மே 13

சீசன் தொடங்கும் நாள் அன்று, விடிவதற்கு முன்பே தம்பியின் கார் வந்து நின்றது. வருவதாக அவர் சொல்லியிருக்கவில்லை. காரிலிருந்து இறங்கியவர் கையில் தூண்டில் இல்லை. ஒரு பழைய பருத்தித் துணி மட்டும் இருந்தது.

யாரிடமும் எதுவும் பேசாமல், துறையில் கட்டியிருந்த படகில் இறங்கினார். 51 வருடங்களில் முதல் முறை. நேராகப் பின்பக்கம் போனார். பெட்ரோல் டேங்க்கைத் தூக்கி நகர்த்தினார். 65 வயதில் அது எளிதாக இல்லை. குப்புறப் படுத்து, துணியைக் கேபிளைச் சுற்றிப் பிடித்து, மூலைக் கப்பி வரை மெதுவாக இழுத்துக்கொண்டே போனார். ஒரு கம்பி அறுந்து முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தாலும் துணியில் சிக்கும். கேபிளைப் பார்ப்பதற்கு அந்தக் காலத்திலிருந்தே இருக்கும் வழி அதுதான். வெறும் கையால் தடவினால் விரல் கிழிந்துவிடும். இடது பக்கம் முடித்துவிட்டு வலது பக்கமும் பார்த்தார்.

எழுந்து நின்று துணியை விரித்துக் காட்டினார். "சிக்கலை."

அண்ணன் தலையசைத்தார். அவர் நின்ற இடத்திலிருந்து நகரவே இல்லை.

"நீங்க ஓட்டுறீங்களா சின்னத் தாத்தா?" என்று பேத்தி கேட்டாள்.

அண்ணன் ஒரு சிவப்புக் கயிற்றை எடுத்துத் தம்பியிடம் நீட்டினார். இன்ஜினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிறு. ஒரு முனை ஓட்டுபவரின் உடையில், இன்னொரு முனை இன்ஜின் சுவிட்சில். ஓட்டுபவர் தூக்கி எறியப்பட்டால் கயிறு பிடுங்கிக்கொண்டு இன்ஜின் அணைந்துவிடும். 26 அடிக்குக் குறைவான படகுகளில் இந்த சுவிட்ச் இருந்தால், வேகமாகப் போகும்போது அதைக் கட்டாயம் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று 2021 ஏப்ரல் 1 முதல் அமெரிக்காவில் சட்டமே இருக்கிறது. சுவிட்ச் இல்லாமல் தயாரான பழைய படகுகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனாலும், அண்ணன் புதிதாக ஒன்றைப் பொருத்தியிருந்தார்.

தம்பி கயிற்றைத் தன் லைஃப் ஜாக்கெட்டில் மாட்டிக்கொண்டார். ஒரு முறைக்கு இரு முறை இழுத்துப் பார்த்தார். பிறகு, மூன்று பேரையும் பார்த்துச் சொன்னார்.

"எல்லாரும் உள்ள உட்காருங்க. யாரும் விளிம்புல உட்காரக் கூடாது."

அண்ணன், அவர் மனைவி, பேத்தி மூவரும் மறுபேச்சில்லாமல் சீட்டில் உட்கார்ந்தார்கள். இன்ஜின் இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. மெதுவாக, மிக மெதுவாகப் படகு துறையை விட்டு விலகியது. பின்னால் வந்த இரண்டு படகுகள் அவர்களைத் தாண்டிப் போயின. யாரும் தம்பியை அவசரப்படுத்தவில்லை.

துறைக்குக் கொஞ்சம் தள்ளி, அந்தப் பழைய இடம் வந்தது. தம்பியின் விரல்கள் வீலை இறுகப் பிடித்தன. அண்ணன் தன் இடது காலை நீட்டி வைத்துக்கொண்டு, தம்பியின் கைகளையே பார்த்தார்.

தம்பி வலது பக்கம் திருப்பினார்.

படகு வலது பக்கம் திரும்பியது.